பள்ளி நூலகத்துக்குப் பணம் தரும் நண்பர்களே, தொலையப்போகும் புத்தகத்துக்கும் சேர்த்துத் தாருங்கள்

முன்னாள் மாணவர் சங்கத்தினர், ரோட்டரி மற்றும் அரிமா சங்கத்தினர், வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கத்தினர், மகளின் பிறந்தநாள் செலவைப் பக்கத்து அரசுப் பள்ளிக்குத் தந்துவிடும் பெற்றோர், எல்லோருக்கும் வணக்கம்.

நான் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர். அறிவியல் பாடத்தோடு நூலகப் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு நீங்கள் 5,000, 10,000, சில சமயம் 25,000 ரூபாய் என்று நூலகத்துக்காகத் தருகிறீர்கள். சின்னத் தொகைதானே, இதில் என்ன பெரிதாக நடந்துவிடும் என்று தரும்போதே உங்களில் பலர் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் வேண்டாம். 10,000 ரூபாய்க்கு, சிறுவர்களுக்கான மெல்லிய தமிழ்ப் புத்தகங்கள் 150க்கு மேல் வாங்கலாம். 120 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அது ஆளுக்கு ஒன்றுக்கும் மேல். தொகை போதும். அந்தப் பணம் எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் செய்தித்தாள், இதழ்கள், எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள், கதைப்புத்தகங்கள் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 2018இல் வந்த, சமக்ர சிக்ஷா என்னும் மத்திய அரசின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் பள்ளியின் அளவைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. தமிழ்நாட்டின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்களை அச்சிட்டுப் பள்ளிகளுக்குத் தந்தது. எழுத்துக்கூட்டித் தடுமாறும் ஏழாம் வகுப்புப் பையன் வெட்கப்படாமல் கையில் எடுக்கக்கூடிய புத்தகங்கள் அவை. அப்புறம், 2024-25ஆம் ஆண்டுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதி சுமார் 2,152 கோடி ரூபாய் மத்திய அரசிடமிருந்து வராமல் நின்றதும் உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நேரத்தில் உங்களுடைய 10,000 ரூபாய்க்கு மதிப்பு இன்னும் கூடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பல பள்ளிகளில் புத்தகம் இருக்கிறது. அது பீரோவுக்குள் இருக்கிறது. பீரோ பூட்டியிருக்கிறது. சாவி தலைமையாசிரியரின் மேசை அறையில் இருக்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை ஆசிரியர்களின் சோம்பல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை முக்கியக் காரணம் பயம். பள்ளிக்குள் வரும் ஒவ்வொரு புத்தகமும் இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. வரிசை எண், விலை, உள்பக்கத்தில் பள்ளி முத்திரை. அந்த நிமிடத்திலிருந்து அது நாற்காலி, மேசை, தராசு போல ஒரு பொருள். பொறுப்பு ஆசிரியர் மாறுதலில் போனால் எண்ணிப் பார்த்து ஒப்படைக்க வேண்டும். தலைமையாசிரியர் ஓய்வுபெறப் போகிறார் என்றால், பதிவேட்டில் 412 என்று இருக்கிறதே, அலமாரியில் 396தானே இருக்கிறது என்ற கேள்வி வரும். உண்மையில் அந்தப் பதினாறு புத்தகத்துக்காக யாராவது காசு பிடிப்பார்களா என்றால், பெரும்பாலும் பிடிக்க மாட்டார்கள். ஆனால் பிடிக்க மாட்டார்கள் என்று எழுத்தில் எங்கும் இல்லை. முப்பது வருடம் வேலை பார்த்தவர் கடைசி மாதத்தில் அப்படி ஒரு குறிப்பு தன் பெயரில் விழ வேண்டாம் என்று நினைப்பது இயல்பு. பூட்டிவைத்தால் ஒரு புத்தகம்கூடக் குறையாது. குறையவில்லை என்றால் கேள்வியும் வராது.

நீங்கள் தரும் புத்தகங்களும் இதே பதிவேட்டுக்குள்தான் போகின்றன. உங்கள் கடிதத்தில் ‘பத்திரமாகப் பராமரிக்கவும்’ என்று ஒரு வரி இருந்தால் பூட்டு இன்னும் இறுகுகிறது. நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறீர்கள். பள்ளியில் அது ‘யாருக்கும் தர வேண்டாம்’ என்று வாசிக்கப்படுகிறது.

புத்தகம் தொலைவதை நாட்டின் நிதி விதிகளே ஏற்றுக்கொண்டிருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. இந்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 215ஆவது விதி நூலகப் புத்தகங்களைச் சரிபார்ப்பது பற்றியது. ஓராண்டில் இரவல் கொடுத்த அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட ஒவ்வொரு 1,000 புத்தகத்துக்கும் 5 தொலைவதை நியாயமான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது அது. நேர்மைக்குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமோ அரிய நூலோ தொலைந்தால் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, எங்கள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியை நேராகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நியாயமான அளவுகோல் எது என்று கேட்டால் காட்டுவதற்கு இதைவிட நல்லது என்னிடம் இல்லை.

அந்த அளவுகோலை ஒரு பள்ளிக்குப் பொருத்திப் பாருங்கள். 120 பிள்ளைகள், ஆளுக்கு வாரம் ஒரு புத்தகம், ஆண்டுக்கு 35 வாரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,200 இரவல். 1,000க்கு 5 என்றால் 21 புத்தகம் தொலையலாம். சராசரி விலை 60 ரூபாய் என்றால் 1,260 ரூபாய். 4,200 தடவை ஒரு பிள்ளையின் கைக்குப் புத்தகம் போய்ச் சேர்வதற்கு ஆகும் இழப்பு இவ்வளவுதான். இந்த 1,260 ரூபாய்க்கு யார் பொறுப்பு என்பது தெளிவாக இல்லாததால்தான் ஆயிரக்கணக்கான ரூபாய்ப் புத்தகங்கள் பீரோவில் கிடக்கின்றன. அதற்கு நாங்கள் பொறுப்பு என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடலாம். இந்த மடல் முழுக்க நான் கேட்பது அதைத்தான்.

பயம் ஆசிரியரோடு நிற்பதில்லை, பிள்ளைக்கும் வீட்டுக்கும் இறங்குகிறது. எங்கள் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி மீன்களைப் பற்றிய ஒரு படப்புத்தகத்தை வாராவாரம் திரும்பத் திரும்பத் தன் பெயரிலேயே எழுதிக்கொண்டிருந்தாள். ஐப்பசி அடைமழையில் அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகி, பையோடு புத்தகமும் நனைந்துவிட்டது. அதற்குப் பிறகு நூலகப் பாடவேளை வந்தாலே தலைவலி என்று வகுப்பிலேயே உட்கார்ந்துகொண்டாள். விசாரித்தபோது, “இனிமே புக்கே எடுத்துட்டு வராத, கிழிஞ்சா யாரு காசு கட்டுறது”ன்னு அம்மா சொன்னாங்க டீச்சர் என்றாள். கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய் அப்படித்தான் சொல்வார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. காசு கட்ட வேண்டாம், பள்ளியில் அதற்கென்று பணம் ஒதுக்கியிருக்கிறோம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல முடிந்தது. எங்களுக்குக் கொடை தந்த ஒரு குழு அப்படி ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்ததால்தான் சொல்ல முடிந்தது. அடுத்த வாரம் அவள் பாம்புகள் பற்றிய புத்தகத்தை எடுத்துப் போனாள்.

பூட்டிவைத்தால் புத்தகம் பத்திரமாக இருக்கும் என்பதும் டெல்டாப் பக்கத்தில் உண்மையில்லை. இரும்பு பீரோவில் காற்று புகாது. மழைக்காலம் முடிந்து திறந்தால் பூஞ்சை வாடை அடிக்கும், தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ராமபாணப் பூச்சி அட்டையை அரித்திருக்கும். மெல்லிய புத்தகங்களுக்கு நடுவில் அடித்திருக்கும் பின் துருப்பிடித்து, பின்னைச் சுற்றித் தாள் பழுப்பேறி, தொட்டாலே நடுப்பக்கம் கையோடு வந்துவிடும். தினமும் கையில் புழங்கும் புத்தகத்துக்கு இந்த வியாதிகள் குறைவு. அது கிழியும். ஆனால் கிழிசலைத் தைக்கலாம்.

தைக்கலாம் என்று சும்மா சொல்லவில்லை. துருப்பிடித்த பின்களை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு, மடிப்பின் மேல் குத்தூசியால் மூன்று துளை போட்டு, நடுத் துளையில் ஊசியை நுழைத்து, மேல் துளை, கீழ்த் துளை என்று போய்த் திரும்ப நடுவுக்கே வந்து முடிச்சுப் போட வேண்டும். தடித்த வெள்ளை நூலில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொண்டால் நூல் தாளை அறுக்காது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே நாளில் கற்றுக்கொள்கிறார்கள். சாதாரண செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். ஓராண்டில் மஞ்சளாகிப் பசை தாளில் இறங்கி, எழுத்தையும் உரித்துக்கொண்டு வரும். புத்தகத்தின் முதுகுக்குத் துணி டேப் நல்லது. ஊசி, நூல், குத்தூசி, துணி டேப், எல்லாம் சேர்ந்தால்கூட ஒரு தடித்த அட்டைப் புத்தகத்தின் விலைதான் ஆகும். ஆனால் ‘நூல்கள் வாங்க மட்டும்’ என்று நிபந்தனை போட்ட பணத்தில் இதை வாங்க முடியாது. அந்த ‘மட்டும்’ என்ற சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

நம் ஊர்ப்பக்கத்திலேயே இதற்கு நல்ல மரபு இருக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931இல் வெளிவந்த அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அதை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியில் கட்டிவைத்திருந்ததைச் சொல்லித்தான் தொடங்குகிறார். வாசகர் தானே அலமாரிக்குப் போய் எடுக்க வேண்டும் என்பதில் அவர் கடைசிவரை பிடிவாதமாக இருந்தவர். அதே 1931இல், மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் ஒன்றைத் தொடங்கினார். கிராமம் கிராமமாகப் புத்தகம் போனது. வண்டி குலுங்கும், மழை பெய்யும், கை மாறும், சில திரும்ப வராது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் அனுப்பினார். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது சுதந்திர இந்தியாவில் அப்படிப்பட்ட முதல் சட்டமாக அது இருந்ததற்குப் பின்னால் இந்த மாதிரி மனிதர்களின் உழைப்பு இருக்கிறது.

எந்தப் புத்தகம் என்பதிலும் ஒரு வேண்டுகோள். வீட்டில் மிச்சமான புத்தகங்களை மூட்டை கட்டி அனுப்பாதீர்கள். பழைய நுழைவுத் தேர்வுக் கையேடுகளும், காலாவதியான கணினிப் பாடநூல்களும், கெட்டி அட்டை போட்ட தத்துவ விளக்கங்களும் பத்து வயதுப் பிள்ளைக்கு ஆகாது. ஆனால் அவையும் பதிவேட்டில் ஏறி, அலமாரியில் இடம் பிடித்து, எண்ணிக் காட்ட வேண்டிய சுமையாகிவிடுகின்றன. நல்ல புத்தகங்களாகவே தேர்ந்தெடுத்து வாங்கி அனுப்புபவர்களும் இருக்கிறீர்கள், மிக்க நன்றி. இருந்தாலும் தேர்வைப் பிள்ளைகளிடம் விட்டுப் பாருங்கள் என்றுதான் கேட்பேன். இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. ஒரு வேன் வாடகை, மதியச் சாப்பாடு, வகுப்புக்கு நான்கு பிள்ளைகள், ஒவ்வொருவர் கையிலும் 300 ரூபாய். என்ன வாங்கலாம் என்று வகுப்பில் பேசிவிட்டு வருவார்கள். பேய்க்கதை வாங்குவார்கள், கிரிக்கெட் வாங்குவார்கள், விடுகதை வாங்குவார்கள், ஒரே புத்தகத்தை மூன்று பேர் வாங்குவார்கள். வாங்கட்டும். எல்லோரும் கேட்கும் புத்தகம் மூன்று பிரதி இருப்பது யாரும் தொடாத மூன்று புத்தகம் இருப்பதைவிட எவ்வளவோ மேல். பிள்ளை தானே தேர்ந்தெடுத்த புத்தகத்தை மற்ற பிள்ளைகளிடம் தானே கொண்டுபோய், இதைப் படிடா என்று திணிக்கும். அந்த வேலையை என்னால் அவ்வளவு நன்றாகச் செய்ய முடியாது.

எப்போது தருவது என்றும் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதத்தில் மொத்தமாக வரும் பணம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் அவசரத்தில் ஏதோ ஒரு கடையின் பட்டியலாகத்தான் மாறும். அதே 15,000 ரூபாயை ஜூனில், அக்டோபரில், ஜனவரியில் என்று மூன்றாகப் பிரித்துத் தாருங்கள். முதல் தவணைப் புத்தகங்களில் எவை ஓடின, எவை கிடந்தன என்று பார்த்து அடுத்ததை வாங்கலாம். மே மாத விடுமுறைக்குப் புத்தகம் கொடுத்தனுப்பவும் தைரியம் வரும். பாட்டி வீட்டுக்குப் போய்த் திரும்ப வராத புத்தகங்கள் அந்த மாதத்தில்தான் அதிகம். பிள்ளைகள் அதிகமாகப் படிப்பதும் அந்த மாதத்தில்தான். உள்ளூர்க் கிளை நூலகத்தில் பிள்ளைகளை உறுப்பினராகச் சேர்க்க ஆகும் சிறு தொகையையும் இதில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

விழாவைப் பற்றி ஒரு வார்த்தை. திறப்பு விழா, பிளெக்ஸ் பேனர், பொன்னாடை, வந்தவர்களுக்கு டீ பிஸ்கட், இதற்கெல்லாம் பல நேரங்களில் ஆசிரியர்கள் தங்கள் கைக்காசைப் போடுகிறார்கள். ஜிபிஎஸ் கேமராவில் நேரம், இடத்தோடு படம் எடுத்து அனுப்பச் சொல்கிறீர்கள். அந்தப் படத்தில் புத்தகங்கள் ஒழுங்காக அடுக்கியிருக்க வேண்டும் என்பதற்காகவே விழா முடியும்வரை பிள்ளைகளைத் தொடவிடாத பள்ளிகளும் உண்டு. படத்துக்குப் பதிலாக இரவல் நோட்டைக் கேளுங்கள். தேதி, பெயர், புத்தகம், திரும்ப வந்த தேதி, நான்கே கட்டம்தான். பிள்ளைகளே கோணல்மாணலாக எழுதியிருப்பார்கள். ஒரு பக்கத்தை செல்போனில் எடுத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பணம் என்ன ஆனது என்பது அதில் தெரியும். நோட்டு வெறுமையாக இருந்தால் அடுத்த தவணையை நிறுத்துங்கள், அது நியாயம். 20 புத்தகம் தொலைந்தது என்று எழுதியிருந்தால் நிறுத்தாதீர்கள்.

அப்படிச் சொன்னால் பொறுப்பில்லாமல் போய்விடாதா, புத்தகத்தை வீட்டுக்கே எடுத்துப் போய்விட மாட்டார்களா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால்தான் வரம்பு வைக்கச் சொல்கிறேன். தரும் தொகையில் நூற்றுக்கு 15 பங்கு, 10,000க்கு 1,500 ரூபாய், பழுது பார்க்கவும் இழப்பை ஈடுகட்டவும். அதற்குமேல் போனால் பள்ளி மேலாண்மைக் குழு கூடிப் பேசட்டும். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். யார் வீட்டில் புத்தகம் தங்கியிருக்கிறது என்பது எங்களைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். குழுவில் இருக்கும் ஓர் அம்மா தெருவில் ஒரு குரல் கொடுத்தால் ஐந்தாறு புத்தகம் தானாகத் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படியும் வராமல் ஏதோ ஒரு குடிசையில் ஒரு கதைப்புத்தகம் தங்கிவிட்டால், அந்த வீட்டுத் தம்பி தங்கைகள் அதைப் புரட்டுவார்கள். அதற்காக நான் வருத்தப்பட மாட்டேன்.

ஆகவே அடுத்த முறை ஒரு பள்ளிக்கு நூலகத்துக்காகப் பணம் தரும்போது, காசோலையோடு ஒரு கடிதமும் வையுங்கள். தலைமையாசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவருக்கும் சேர்த்து எழுதுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

“இத்தொகையில் வாங்கப்படும் நூல்கள் மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று படிப்பதற்காக. பயன்பாட்டில் கிழிவதையும் ஓரளவு தொலைவதையும் நாங்கள் எதிர்பார்க்கிறோம். தொகையில் நூற்றுக்கு 15 பங்கைப் பழுது பார்க்கவும், தொலைந்த நூல்களுக்கு மாற்று வாங்கவும் பயன்படுத்தலாம். இந்த வரம்புக்குள் ஏற்படும் இழப்புக்கு எந்த ஆசிரியரிடமோ மாணவரிடமோ பெற்றோரிடமோ பணம் பெறக் கூடாது என்பது எங்கள் நிபந்தனை. நூல்களைத் திறந்த அலமாரியில் வைக்க வேண்டுகிறோம்.”

இந்தக் கடிதத்தைக் குழுக் கூட்டத்தில் படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, நகலை இருப்புப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடச் சொல்லுங்கள். பின்னால் வரும் தலைமையாசிரியரும் தணிக்கைக்கு வருபவரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். இதற்கு உங்களுக்கு ஆகும் செலவு ஒரு தாள். வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அனுப்பினால் முதல் வாரமே இரவல் நோட்டைத் தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
நூலகப் பொறுப்பு ஆசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்று,
திருவாரூர் மாவட்டம்